முட்டியைத் திறப்பதா, விடுவதா

முட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முப்பது வயது வரை நான் யோசித்ததே இல்லை. மடக்கினால் மடங்கும், நீட்டினால் நீளும். அதற்கு மேல் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? சீமையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒருநாள் என் இடது முட்டி பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. அன்றிலிருந்து நான் வேறு எதைப் பற்றியும் அவ்வளவு யோசித்ததில்லை.

திருத்தணிச் சந்தைக்குப் போனால் இன்றைக்கும் யாராவது கையைப் பிடித்து நிறுத்தி, "முட்டியத் தெறந்தாங்களாமே, உள்ள இன்னா இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். நின்றவாக்கில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. எட்டாவது வரை படித்தவன், எழுத வரும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்களுக்குக் கே.ஜி.கண்டிகைக்குப் போகிற வழியில் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருக்கின்றன. கிணற்றில் ஏற்றம். மின்சார மோட்டார் எல்லாம் பட்டணத்தில்தான். ஏற்றம் என்றால் உயரமான கம்பத்தின் மேல் ஒரு நீண்ட மரம் குறுக்கே கிடக்கும். அதன் ஒரு முனையிலிருந்து கழி தொங்கும். கழியின் அடியில் தண்ணீர் மொள்ளும் சால். மரத்தின் மேல் ஒரு ஆள் முன்னும் பின்னும் நடப்பான். முன்னே நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும், பின்னே வந்தால் நிறைந்து ஏறும். கீழே கிணற்று மேட்டில் ஒருவர் நின்று கழியைப் பிடித்து, சாலை வாய்க்காலில் கவிழ்ப்பார். மேலே நடந்தவன் நான். கீழே நின்றவர் என் அக்கா புருஷன். பாவா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் ஆகி எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். அதிகம் பேசமாட்டார்.

பனி விழுந்து மரம் ஈரமாக இருந்த ஒரு காலையில் பின்னே வரும்போது இடது பாதம் மரத்தில் கால் ஊன்ற வெட்டியிருந்த படிக்குள் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பிவிட்டது, பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிடிமானத்துக்குக் கட்டியிருந்த மூங்கிலைத் தழுவிக்கொண்டதால் நான் விழவில்லை. ஆனால் என் பாரம் இடம் மாறியதில் கழி எகிறி, பாவாவின் தோளை உரசிக்கொண்டு போனது. சட்டையில்லாத தோளில் நீளமாக ஒரு கீறல். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தலை சுற்றும் என்று ஒருநாளும் மேலே ஏறாதவர், அன்றைக்கு ஏறி வந்து என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

மத்தியானத்துக்குள் முட்டி பரங்கிக்காய் போல வீங்கிவிட்டது. நைனா, அதாவது என் அப்பா, வண்டியைக் கட்டி நகரிப் பக்கம் எலும்பு வைத்தியரிடம் அழைத்துப் போனார். அந்த மனிதர் தொட்டுப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று சொன்னார். அது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. பச்சிலையும் முட்டையின் வெள்ளைக்கருவும் போட்டு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். கட்டைப் பிரித்தபோது வீக்கம் போயிருந்தது. எழுந்து நடந்தேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அதற்குப் பிறகுதான் வரப்பைத் தாண்டும்போது முட்டி பூட்டிக்கொண்டது. உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்டது போல. வரப்பிலேயே உட்கார்ந்து, காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். திடீரென்று விட்டுக்கொண்டது. வலிகூடப் பெரிதாக இல்லை. எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. நன்றாக இருக்கிற கால் ஏன் பூட்டிக்கொள்கிறது? எது பூட்டுகிறது? ஆட்டினால் ஏன் விடுகிறது? பாவாவிடம் கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும் மச்சான்? ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா," என்றார்.

அரக்கோணம் பக்கத்தில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. ரயிலில் பட்டாளத்துக்காரர்கள் நிறைந்திருந்ததால் எங்களுக்கு ஏற இடம் கிடைக்கவில்லை. பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் போனோம். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். நான் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தேன், நைனாவும் பாவாவும் என் மனைவி கோவிந்தம்மாவும் தள்ளினார்கள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒரே இரைச்சல். காத்திருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் வியாதியைச் சொல்லி முடித்து, மாமன் மச்சான் வியாதிகளுக்குப் போயிருந்தார்கள். எங்களைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. திருநெல்வேலிப் பக்கத்து வேதக்கார அம்மாள், கிறிஸ்தவர்; நாற்பது வயது இருக்கும். பெண் டாக்டர் என்றதும் நைனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. என்னைப் படுக்க வைத்து, முட்டியின் ஓரத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, பாதத்தைத் திருப்பியபடி காலை மெதுவாக நீட்டினார். உள்ளே ஏதோ துள்ளியது.

"தெரிஞ்சுதா?" என்றார்.

"ஆங், துள்ளிச்சிங்க. அது இன்னாதுங்கம்மா?"

"நான் நினைக்கிறது சரியான்னு பார்க்கணும். அப்புறம் சொல்றேன்."

முதலில் ஊசி போட்டு முட்டிக்குள்ளிருந்து நீர் எடுத்தார். கண்ணாடிக் குழாயைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். வடித்த கஞ்சி போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். நல்லெண்ணெய் போல மஞ்சளாக, துளி ரத்தம் கலந்து இருந்தது. சீழ் இல்லை, நல்லதுதான் என்றார். பிறகு எக்ஸ்ரே படம் எடுக்க வேலூருக்கு அனுப்பினார். குளிர்ந்த பலகை மேல் காலை வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். படத்தை டாக்டரம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். மேல் எலும்பு, கீழ் எலும்பு, முன்னால் முட்டிச் சில்லு, எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தன. இரண்டு எலும்புக்கும் நடுவே கறுப்பாக ஒரு சந்து.

"எலும்பெல்லாம் நல்லா இருக்கு. உங்க தொந்தரவு இந்த இருட்டுக்குள்ளதான் இருக்கு. அது படத்துல விழாது."

"அந்த இருட்டுல இன்னாதாங்க கீது?"

அந்தம்மா பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பாவாவின் பக்கம் திரும்பி, "நாளைக்கு வரும்போது ஆட்டுக்கால் ஒண்ணு வாங்கிட்டு வர முடியுமா? முட்டியோட, வெட்டாம," என்றார்.

வெளியே வந்ததும் கோவிந்தம்மா, "சூப்பு வெக்கவா சொல்றாங்க?" என்று கேட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் பாவா ஆட்டுக்காலை இலையில் சுற்றிக் கொண்டுவந்தார். டாக்டரம்மா அதை ஒரு தட்டில் வைத்து, எங்கள் நால்வருக்கும் முன்னால், கத்தியால் முட்டியைச் சுற்றிக் கீறித் திறந்தார். வீட்டில் எத்தனையோ முறை ஆட்டுக்கால் வெந்திருக்கிறது. இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. எலும்பின் முனை முத்து போல வழுவழுவென்று இருந்தது. அதன் மேல், உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக, பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள். விரலை வைத்து அழுத்தச் சொன்னார். ரப்பர் போல இருந்தது.

"இது குருத்து. எலும்போட எலும்பு உரசாம இருக்கறதுக்கு. உங்களுக்கும் இதே மாதிரிதான், கொஞ்சம் பெருசா." கத்தி முனையால் உள்பக்கத்துப் பிறையின் ஓரத்தை நீளமாகக் கிழித்தார். கிழிந்த பகுதியைச் சந்துக்குள் தள்ளிவிட்டு எலும்பை மடக்கி நீட்டினார். பாதியில் நின்றது. ஆட்டினார். விட்டது.

நான் சத்தம் போட்டே சிரித்துவிட்டேன். எனக்குள் நடப்பது அந்தத் தட்டில் நடந்தது. ராத்திரியெல்லாம் கண்ட கண்டதை நினைத்துப் பயந்திருந்தவனுக்கு, பயத்துக்கு ஒரு உருவம் கிடைத்துவிட்டது. அதுவும் விரலால் தொடக்கூடிய உருவம்.

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ரெண்டு வழி இருக்கு," என்று ஆரம்பித்தார். ஒன்று, முட்டியைத் திறந்து கிழிந்த குருத்தை எடுத்துவிடுவது. எடுத்துவிட்டால் பூட்டிக்கொள்வது நிற்கும். ஆனால் முட்டிக்குள் சீழ் பிடித்தால் கால் விறைத்துக் கட்டையாகிவிடலாம். உயிருக்கே கூட ஆபத்து. சீழை அடக்கும் புது மருந்து ஒன்று வந்திருக்கிறதாம், ஆனால் வருவதெல்லாம் பட்டாளத்துக்கே போகிறது. நன்றாக ஆறினாலும், மெத்தை போன எலும்பு வயதான காலத்தில் வலிக்கும். இன்னொரு வழி, திறக்காமல் விடுவது. தொடைச் சதையைப் பயிற்சியால் பலப்படுத்தினால் முட்டி உறுதியாகும். சிலருக்குப் பூட்டுவது குறைந்து நின்றும் போகிறது. சிலருக்கு இல்லை.

"என் முட்டி எந்த ரகம்?"

"அது எனக்குத் தெரியாது. யாராலும் இப்ப சொல்ல முடியாது. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

வைத்தியர் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நைனா எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? வைத்தியம் படிச்சது நீங்க. எம்புள்ளைய இன்னாத்துக்குக் கேக்கறீங்க? நகரியாரு ஒரு வார்த்த கேட்டாரா? தொட்டாரு, கட்டுனாரு. கேக்கறீங்கன்னா உங்களுக்குத் தெரியலன்னுதானே அர்த்தம்?"

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "முட்டியைப் பத்தி எனக்குத் தெரியும் ஐயா. இவர் அந்த முட்டியை வச்சு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதே. என் மாதிரி நாற்காலியில உட்கார்ந்து எழுதற ஆளுன்னா திறக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன். ஏற்றம்னு சொல்றீங்க. நான் ஏற்றத்தைத் தூரத்துல பார்த்ததோட சரி. எனக்குச் சொல்லுங்க."

நான் சொன்னேன். மரத்தின் அகலம், உயரம், எந்தக் கால் முன்னே போகும், எவ்வளவு மடங்கும், திரும்பும் இடத்தில் உடம்பு எப்படிச் சாயும் என்று எல்லாம். அந்தம்மா நடுநடுவே கேட்டார்: கையால் பிடித்துக்கொள்ள முடியுமா? வேறு ஆள் கிடைக்குமா? வேறு வேலைக்குப் போக முடியுமா? பாவாவுக்கு உயரம் ஆகாது, தலை சுற்றும். யுத்தத்தில் கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, எல்லோரும் விமான மைதானத்து வேலைக்குப் போய்விட்டார்கள் என்றேன்.

அப்போது அதுவரை சுவரோரம் நின்றிருந்த கோவிந்தம்மா, "ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள்.

"கேளும்மா."

"இவரு மேல நடக்கசொல்லோ பூட்டிக்கினா இவரு மட்டுமா உயுவாரு? கீழ அண்ணன் நிக்கறாரு. மொத தபாவே கயி அவரு தோள்ல பட்டுச்சி. தலையில பட்டிருந்தா? எங்க நாத்தனாருக்கு நான் இன்னா சொல்றது?"

என் காலைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியும் அந்தக் கீறல் என் நினைவுக்கு வரவே இல்லை. டாக்டரம்மா பாவாவைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

பாவா துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "பூட்டிக்கிற கால வெச்சிக்கினு மச்சான் மேல ஏறினா, நான் கீழ நிக்கமாட்டேங்க. எனக்கும் புள்ளைங்க கீது."

அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனால் அவர் மட்டும் "நீ ஏறு மச்சான், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தால் நான் ஏறியிருப்பேன் என்பதும் உண்மை.

அன்றைக்கு நாங்கள் எடுத்த முடிவு, திறப்பதும் இல்லை விடுவதும் இல்லை. டாக்டரம்மாவுக்குத் திறந்துவிடலாம் என்றுதான் மனசு, அதை மறைக்கவில்லை. எனக்குச் சீழ் என்ற வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. அதனால், முதலில் பயிற்சி செய்து பார்ப்பது, அதுவரை நான் ஏற்றம் ஏறக்கூடாது, பாவாவும் ஏறவிடக்கூடாது, மறுபடி பூட்டினால் வந்து பேசுவது என்று ஒப்புக்கொண்டோம். நைனா மட்டும், "இன்னொரு கட்டு கட்டினா செரியாப் பூடும்," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பயிற்சி என்றால் காலை விறைப்பாக நீட்டி, கணுக்காலில் மணல் மூட்டையைக் கட்டித் தூக்குவது. பார்க்கச் சுலபம். தொடை அதற்குள் கரும்புச் சக்கை போலச் சூம்பிப் போயிருந்ததால் முதல் நாள் மூட்டை தரையைவிட்டு எழவே இல்லை. அக்கா ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டே, "தூக்கு, தூக்கு" என்பாள். பாவா ஒவ்வொரு வாரமும் சொல்லாமல் கொஞ்சம் மணலைக் கூட்டிவிடுவார். தொடை தேறியது. அந்தக் காலத்தில் வயலுக்குக் கோவிந்தம்மாவும் அக்காவும் குடத்தில் தண்ணீர் சுமந்து கத்தரிச் செடியை மட்டும் காப்பாற்றினார்கள், நெல் போய்விட்டது. எனக்குக் கால் சரியாகிவிட்டது என்றே தோன்றத் தொடங்கியது.

பருத்திக்கொட்டை வாங்கக் கனகம்மாசத்திரத்துக்கு வண்டியில் போயிருந்தோம். கடை வாசலில் சக்கரத்தின் குடத்தில் இடது காலை ஊன்றி இறங்கினேன். பூட்டிக்கொண்டது. ஒரு கால் சக்கரத்தில், ஒரு கால் அந்தரத்தில், கை வண்டிக் கழியில். மாடு ஒரு அடி எடுத்து வைத்தது. சக்கரம் உருண்டது. கடைக்கு வந்தவர்கள் நான் வேடிக்கை காட்டுவதாக நினைத்துச் சிரித்தார்கள். பாவா ஓடிவந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். இல்லையென்றால் கால் சக்கரத்தின் ஆரக்காலுக்குள் போயிருக்கும்.

மறுநாளே கோவிந்தம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "தெறந்துடுங்கம்மா," என்றேன், உட்காருவதற்கு முன்பே.

டாக்டரம்மா உட்காரச் சொன்னார். "நேத்து பயந்ததுல சொல்றீங்களா, யோசிச்சுச் சொல்றீங்களா?"

"ரெண்டுந்தாங்க."

அவர் சிரித்தார். நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன். கேட்கலாமா கூடாதா என்று பஸ்ஸெல்லாம் யோசித்து வந்தது. "நீங்க இதுக்கு முன்ன எத்தினி பேருக்கு இத செஞ்சிருக்கீங்க?"

"விரல் விட்டு எண்ணிடலாம். பெரும்பாலும் நல்லா ஆச்சு. ஒருத்தருக்குச் சீழ் பிடிச்சுக் கால் விறைச்சுப் போச்சு. அவர் இந்த ஊர்லதான் இருக்கார். என்னை எங்க பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்குவார்."

அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்ன பிறகு எனக்குப் பயம் கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. இவர் எதையும் மறைத்து என்னை மேஜையில் படுக்க வைக்கமாட்டார் என்று ஒரு திடம் வந்தது. "செய்யுங்க," என்றேன். கோவிந்தம்மாவிடம் தனியாகவும் கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்று இருவருமே என்னிடம் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று காலை நைனா மலையேறி முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க விபூதியோடு வந்து சேர்ந்தார். முட்டியில் பூசப் போனார். நர்ஸம்மா பதறித் தடுத்தாள். காலைச் சிரைத்து, மருந்து போட்டுத் துடைத்து, கொதிநீரில் வேகவைத்த சுத்தமான துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். நைனாவின் கை அந்தரத்தில் நின்றது. டாக்டரம்மா வந்து, "நெத்தியில பூசுங்க ஐயா, நல்லா நிறையவே பூசுங்க. காலை மட்டும் எனக்கு விட்டுடுங்க," என்றார். நைனா பூசினார். டாக்டரம்மாவோடு அவர் சண்டை போடாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

மூக்கின் மேல் துணிக் கூடு ஒன்றை வைத்து மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். தித்திப்பும் காரமும் கலந்த நாற்றம். "ஏற்றத்துல முதல்ல எந்தக் கால் வைப்பீங்க?" என்று எங்கேயோ டாக்டரம்மாவின் குரல் கேட்டது. சொல்ல ஆரம்பித்தேன். முடித்தேனா என்று தெரியவில்லை.

விழித்தபோது தொண்டை வறண்டு, குமட்டிக் குமட்டி வந்தது. தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றிருந்தார்கள். கோவிந்தம்மா ஈரத்துணியால் உதட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். கால் தொடை முதல் கணுக்கால் வரை பஞ்சுக் கட்டுக்குள் ஒரு தலையணை போலக் கிடந்தது. மறுநாள் காய்ச்சல் வந்தது.

அந்தக் காய்ச்சல் நாட்களைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எல்லோரும் சீழ் என்று நினைத்தார்கள், யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மா காலையில் வந்தால் முதலில் குனிந்து கட்டை முகர்ந்து பார்ப்பார். நான் கட்டைப் பார்ப்பதில்லை, அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். ஆட்டின் முட்டியில் பார்த்த அந்த முத்துப் போன்ற எலும்பை நினைத்துக்கொள்வேன். என்னுடையது இப்போது எந்த நிறத்தில் இருக்கும் என்று யோசிப்பேன். அக்கா கேழ்வரகுக் கூழைத் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். இறங்கவில்லை எனக்கு. அவள் அந்தப் பக்கம் போனதும் பாவா அதைக் குடித்துவிட்டு, அவள் திரும்பி வந்தால் "நல்லா கீதுன்னான்," என்று என் பெயரில் சொல்லுவார். பாவா பொய் சொல்லி நான் கேட்டது அந்த நாட்களில்தான்.

ஒரு காலையில் டாக்டரம்மா முகர்ந்துவிட்டு நிமிர்ந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் உட்கார்ந்ததே இல்லை. காய்ச்சல் விட்டிருந்தது. காயம் சுத்தமாக இருந்தது. அவர் மேல்துணியின் பையிலிருந்து சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் போன்ற மருந்துக்குள் என் குருத்தின் கிழிந்த துண்டு, வெள்ளையாக, இளநீர் வழுக்கையைச் சுரண்டியது போல, ஒரு ஓரம் நைந்து. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் வயலில் நெற்பயிரை எல்லாம் சாகடித்தது இதுதானா!

மடக்கப் பழகுவதுதான் வலியிலேயே பெரிய வலி. அதிலும் டாக்டரம்மா கேட்டார்: "எவ்வளவு மடங்கினா உங்களுக்குப் போதும்?" முழுக்க மடக்கிக் குந்த வேண்டுமென்றால் இன்னும் நாளும் வலியும் ஆகும், அப்போதும் நிச்சயமில்லை. ஏற்றத்துக்கு அவ்வளவு வேண்டாம், சம்மணம் போட வராவிட்டால் பலகை போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றேன். ஆஸ்பத்திரி முற்றத்தில் புதுக் கட்டடத்துக்காக நீளமான உத்திரம் ஒன்று தரையில் கிடந்தது. அதன் மேல் நடந்து பழகினேன். டாக்டரம்மா ஒருநாள் வெயிலில் வந்து நின்று பார்த்தார். "இப்பத்தான் எனக்கு ஏற்றம் புரியுது," என்றார்.

வீட்டுக்கு வந்து, தொடை முழுக்கத் தேறிய பிறகு, ஏற்ற மரத்தின் மேல் ஏறினேன். ஏறுவதற்கு முன் பாவாவைப் பார்த்தேன். அவர் தன் இடத்தில் போய் நின்று கழியைப் பிடித்தார். முதலில் வெறும் சாலோடு நடந்தேன். பிறகு தண்ணீரோடு. பூட்டவில்லை. மழைக்காலத்தில் உள்ளே குடைகிறது, குந்த வராது. அதெல்லாம் முன்னமே சொல்லப்பட்டதுதான்.

அடுத்த முறை காட்டப் போனபோது டாக்டரம்மாவின் அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் செங்கம்மா. கிராமத்திலிருந்து தயிர்ப் பானையைத் தலையில் வைத்து அரக்கோணம் வரை நடந்து விற்கிறவள். அவளுக்கும் அதே குருத்து, அதே கிழிசல். இரண்டு வழியையும் டாக்டரம்மா அவளுக்குச் சொல்லி முடித்திருந்தார். "இவருக்கு நான் திறந்தேன். எப்படி இருந்துச்சுன்னு அவர்கிட்டயே கேளு," என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

செங்கம்மா எல்லாம் கேட்டாள். மயக்க மருந்து எப்படி இருக்கும், எத்தனை நாள் படுக்க வேண்டும், யார் சோறு கொண்டுவந்தது, வயல் என்ன ஆனது என்று. நான் ஒன்றையும் மறைக்கவில்லை, காய்ச்சலையும் சொன்னேன். முட்டி இப்போது எப்படி நீளுகிறது என்று எழுந்து நடந்து காட்டினேன். அவள் குனிந்து தழும்பை உற்றுப் பார்த்தாள். நிச்சயம் செய்துகொள்வாள் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா திரும்பி வந்ததும் செங்கம்மா சொன்னாள்: "எனக்கு வாணாங்கம்மா."

"ஏம்மா?" என்று நான்தான் கேட்டேன். என் குரலில் சூடு ஏறிவிட்டது.

"நீங்க படுத்தப்போ உங்களுக்கு அக்கா இருந்தாங்க, பொஞ்சாதி இருந்தாங்க. நான் படுத்தா என் கைக்கொயந்தய யாரு பாப்பாங்க? எனக்குப் பூட்டிக்கினா ரோட்டு ஓரமா குந்தி ஆட்டி எடுத்துக்கறேன். இன்னா, கொஞ்சம் நேரம் ஆவும். நான் உயுந்தா தயிருதான் கொட்டும். நீங்க ஏத்தத்து மேல நின்னீங்க, கீழ ஆளு நின்னாரு. நான் தரையில நடக்கறவ."

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "சரி. தொடைக்குப் பயிற்சி சொல்லித் தர்றேன். அதை விடாம செய்யணும். அடிக்கடி பூட்டினா வந்து சொல்லு, மறுபடி பேசலாம்," என்றார். செங்கம்மா தலையாட்டினாள். சும்மாட்டைச் சுருட்டி வைத்து, காலிப் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு, இடது காலைச் சற்றுப் பதனமாக எடுத்து வைத்து முற்றத்தைக் கடந்து போனாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. "அவங்க செய்யறது செரிங்களாம்மா?"

டாக்டரம்மா ஜன்னல் வழியாக அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலை முனிரத்தினம். உங்க காலைத் திறந்த அன்னிக்கும் எனக்குத் தெரியாது," என்றார். பிறகு வாசலைப் பார்த்து, அடுத்த ஆளை வரச் சொன்னார்.